நீலத்தின் மேல் ஒரு கண்

ஜனவரி 12

அன்பு மருமகளுக்கு,

உன் அம்மாவின் ஒரே தம்பியும், இந்தச் சுற்றுவட்டாரத்தின் தலைசிறந்த சினை ஊசிக்காரனுமாகிய உன் மாமா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அத்தைக்கு முழங்காலில் வலி, வாயில் ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் உன் ஆராய்ச்சி நிலையத்துக் காளைகளும் சுகம்தானே?

நீ அனுப்பிய உறைவிந்துக் குச்சிகள் நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தன. புகைக்காரர் கொண்டுவந்தார். அவரை உனக்குத் தெரியாதே! குச்சிகள் உருகாமல் இருக்கக் கேனில் ஊற்றுகிற திரவ நைட்ரஜனை எங்கள் பால் சங்கத்துக்குக் கொண்டுவருகிற வண்டிக்காரர். அவர் கேன் மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை கிளம்பி முகத்தையே மறைத்துவிடும், அதனால் அந்தப் பேர். மற்றபடி பீடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர்.

கேனைத் திறந்தபோது சங்கத்து வாசலில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். சரி, பத்துப் பேர் என்று வைத்துக்கொள். நீலத்தில் ஒரு கட்டு, மஞ்சளில் ஒரு கட்டு. செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"என்னய்யா, கலர் கலரா வந்திருக்கு?"

"எங்க அக்கா பொண்ணு கண்டுபிடிச்ச மருந்து சார். ஆன்ட்டி ஆக்சிடென்ட்."

"எதுக்கு, மாடு லாரியில அடிபடாம இருக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன். படிப்பு வாசனை இல்லாதவர்களிடம் என்ன பேசுவது? அந்தப் பேரை மட்டும் ஒருமுறை சரியாக எழுதி அனுப்பு, வாய்க்குள் வைத்துப் பழகிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். ஆனால் காளை விந்து, வால், நீச்சல் என்று நான் மாடியில் நின்று கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுகிறார். கடிதமே மேல்.

ஒரே ஒரு விஷயம், காதோடு காதாக: நம்முடையது எந்தக் கலர்?

உன் வெற்றியை இப்போதே கண்ணால் பார்த்துவிட்ட
மாமா

ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நான் நன்றாக இருக்கிறேன், தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

அதன் பேர் ஆன்டிஆக்ஸிடன்ட். விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விந்தை உறைய வைத்துத் திரும்ப உருக்கும்போது, விந்தணுவின் மேல்தோலை ஆக்சிஜன் அரித்துவிடுகிறது. இரும்பில் துரு ஏறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். துரு ஏறியது நீந்தாது, நீந்தாதது சினை பிடிக்காது. அந்தத் துருவைத் தடுக்கிற மருந்தைத்தான் ஒரு கலர்க் குச்சியில் கலந்திருக்கிறோம். இன்னொரு கலரில் மருந்து இல்லை, வழக்கமான சரக்கு.

எது எந்தக் கலர் என்று எனக்கே தெரியாது மாமா. எங்கள் நிலையத்துப் பெரிய டாக்டர் வேறொருவரை வைத்து நிரப்பிவிட்டார். தெரிந்தால் நம்மை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம் என்பதால்தான். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது மிகச் சுலபம். எந்த மாடு பருவத்துக்கு வருகிறதோ அதற்கு, வரிசைப்படி, ஒரு நீலம், அடுத்து ஒரு மஞ்சள். மாட்டைப் பார்த்துக் குச்சியை எடுக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து ஒவ்வொன்றையும் கை விட்டுப் பார்த்து, சினையா காலியா என்று எழுதி அனுப்ப வேண்டும்.

நீலத்தின் மேல் மட்டும் ஒரு கண் வையுங்கள். அதில் அச்சடித்த எழுத்து ஈரம் பட்டால் அழிந்துவிடுகிறது.

இந்தச் சோதனைக்கு உங்கள் பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது நான்தான். "சொந்தக்காரர் வேண்டாமே" என்றார் பெரிய டாக்டர். "கைராசிக்காரர், வேலையில் சுத்தம்" என்று நான் சொன்னதால் ஒப்புக்கொண்டார். இது நன்றாக வந்தால் நிலையத்தின் எல்லாக் குச்சியிலும் மருந்தைச் சேர்ப்பார்கள், என் வேலையும் நிரந்தரமாகும். இல்லையென்றால் கண்ணாடிக் குடுவை கழுவுகிற பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 11

அன்பு மருமகளுக்கு,

ஊரில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருக்க, மாமா மட்டும் குதிரை மாதிரி இருக்கிறேன். அத்தை ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். வெந்நீர் போடுவது நான். நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாட்டைக் குறைக்காதே.

கண்ணு, நீ எழுதியது எனக்குப் புரிந்துவிட்டது. நீலத்தின் மேல் ஒரு கண்! மை அழியும், எழுத்து அழியும் என்பதெல்லாம் ஊருக்கு. மாமாவுக்குச் சொன்னது மாமாவுக்குச் சேர்ந்துவிட்டது. நாம் ஒரே ரத்தம் அல்லவா? இதற்கு மேல் எழுதமாட்டேன். கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

வேலை அமோகமாக நடக்கிறது. நீலம் போகிற கொட்டகைகளை நீ வந்து பார்க்க வேண்டும். மாடுகளா அவை? மகாராணிகள். முதுகில் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். போன வாரம் ஒரு நாளில் இருபது மாடு பார்த்தேன். சரி, ஆறு என்று வைத்துக்கொள். தூக்கிப் பிடித்த துப்பாக்கியோடு நான் தெருவில் போனால் போலீஸ்காரர் சல்யூட் அடிக்கிறார். சினை ஊசித் துப்பாக்கிதான், ஆனாலும் துப்பாக்கி துப்பாக்கிதானே.

புகைக்காரர் வீட்டில் ஒரு கிழட்டு மாடு இருக்கிறது. பேரே கிழவி. எத்தனையோ ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. போன வாரம் நைட்ரஜன் ஊற்ற வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஊசிக்காரரே, கிழவி பருவத்துக்கு வந்து காலையிலேர்ந்து கத்துறா. வந்து பாருங்க. நீலமா போடுங்க, அதுதான் ஒசத்தின்னு பேசிக்கிறாங்க."

"யாருண்ணே பேசிக்கிறாங்க?"

"நீங்கதான்."

"உங்க கிழவிக்கு மஞ்சள்தான் ராசிண்ணே."

"ஏன், நீலம் போட்டா கோவிச்சுக்குமா?"

சிரித்துக்கொண்டே மஞ்சளைப் போட்டுவிட்டு வந்தேன். வரிசைப்படி அவளுக்கு மஞ்சள் வந்தது என்று வைத்துக்கொள்.

கவலையில்லாமல் தூங்கு. உன் வேலை நிரந்தரம்.

மாமா

ஜூலை 8

அன்பு மருமகளுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. காளைகளோடு இருந்து நீயும் பேச்சைக் குறைத்துவிட்டாயோ? பரவாயில்லை, வேலை இருக்கும். இங்கே எல்லோரும் சுகம். அத்தை மாடிப்படி ஏறுகிறாள், ஏறி என்னைத் திட்டிவிட்டு இறங்குகிறாள்.

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் சந்தோஷத்தில் விழுந்துவிடுவாய். நீலம் போட்டதில் நூற்றுக்கு நூற்றைம்பது சினை! சரி, முக்கால்வாசி என்று வைத்துக்கொள். மஞ்சளைப் பற்றி என்ன சொல்ல, பாவம், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றிருக்கிறது. விவரத்தாளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதில் என் வழக்கமான அலங்காரம் ஒன்றும் கிடையாது.

எல்லாவற்றையும் கை விட்டுப் பார்த்து என் வலது தோள் வீங்கிவிட்டது. கிழவியை மட்டும் கொட்டகை வாசலில் நின்றே பார்த்தேன். புகைக்காரர் சோப்பும் வாளித் தண்ணீருமாகத் தயாராக நின்றார்.

"கை விட்டுப் பாக்கலியா?"

"எதுக்குண்ணே? என் கண்ணு எக்ஸ்ரே. காலி."

"அதுக்கப்புறம் கத்தவே இல்லியே?"

"வயசாச்சு, கத்தறதும் நின்னு போச்சு."

மனிதர் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சங்கத்தில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். மருமகள் ஜெயித்துவிட்டாள் என்று தெருவுக்கே தெரியும். செயலாளர்கூட இப்போது ஆன்ட்டி ஆக்சிடென்ட் என்று மரியாதையாகச் சொல்கிறார். சரியான பேரை நீ எழுதியிருந்தாய், ஆனால் இதுதான் வாய்க்கு நன்றாக இருக்கிறது.

உன் பெருமையில் பாதிப் பங்குள்ள
மாமா

ஜூலை 29

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று பெரிய டாக்டர் அறையில் எல்லோர் முன்னாலும் கலர் ரகசியத்தைச் சொன்னார்கள். நீலம்தான் வழக்கமான சரக்கு மாமா. மருந்து மஞ்சளில் இருந்தது.

அதாவது, என் மருந்து போட்ட மாடுகள்தான் சினை பிடிக்கவில்லை. போடாதவை பிடித்திருக்கின்றன. உதவவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, கெடுதல் செய்திருக்கிறது என்றுதான் அந்தத் தாளைப் பார்த்தால் யாரும் சொல்வார்கள். பெரிய டாக்டர் கோபப்படவில்லை. "இப்படியும் ஆகும்மா" என்று சொல்லி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இங்கே மைக்ரோஸ்கோப்பில் எத்தனை தடவை பார்த்தாலும், மருந்து கலந்த விந்தணு உருகியதும் வாலைச் சுழற்றிக்கொண்டு நேராக நீந்துகிறது. கலக்காதது வட்டமடித்துவிட்டு நின்றுவிடுகிறது. கண்ணாடித் தகட்டில் அவ்வளவு நன்றாக இருப்பது மாட்டின் வயிற்றுக்குள் போய் ஏன் சாகிறது? என்ன தவறு செய்தேன் என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஆறுதல், வெளிவேலை உங்கள் கையில் இருந்தது. வேறு யாராவது செய்திருந்தால் அவர்கள் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

அடுத்த மாதத்திலிருந்து குடுவை கழுவுகிற பிரிவு. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மருமகள்

ஆகஸ்ட் 31

அன்பு மருமகளுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வலது கை சுளுக்கிக்கொண்டது. பிறகு பேனாவில் மை இல்லை. பிறகு அத்தைக்குக் காய்ச்சல். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா?

நீ ஒரு தவறும் செய்திருக்கமாட்டாய். இதை நான் அடித்துச் சொல்வேன். வீணாக எதையும் திரும்பத் திரும்பப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஏப்ரல் மாதம் நைட்ரஜன் வருவதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனது. புகைக்காரருக்கு வயதாகிறது, வண்டியும் பழசு. ஒரு வாரம் அவர் தாமதமாக வந்தபோது கேனில் அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள். மஞ்சள் கட்டு மேலாக இருந்தது. சூடு தட்டியிருக்கும். பாதி உருகித் திரும்ப உறைந்த சரக்கு எப்படிச் சினை பிடிக்கும்? மருந்தின் மேல் குற்றமே இல்லை. உன் மேல் துளிக்கூட இல்லை. கேன்தான் காரணம். இதை நீ பெரிய டாக்டரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

வேறு விசேஷம் இல்லை. மழை இல்லை. அத்தை உன்னைக் கேட்டாள்.

மாமா

செப்டம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா? உங்கள் கை தேவலையா? எனக்கு இப்போது சாப்பாடு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. உங்கள் கடிதம்தான் காரணம்.

அதை அப்படியே பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, "கேன் வற்றியிருந்தால் இந்தச் சோதனையே செல்லாது, திரும்பச் செய்வோம்" என்றார். குடுவைப் பிரிவிலிருந்து என்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். திரும்பவும் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா.

நைட்ரஜன் வண்டிக்காரரை விசாரணை முடியும் வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாமதம் தாமதம்தானே.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு கலரையும் ஒரே குவளையில் ஒரே உயரத்தில் நிறுத்தித்தான் அனுப்பினோம். கேன் வற்றினால் இரண்டும்தானே கெட வேண்டும்? மஞ்சள் மட்டும் எப்படி?

நேற்று உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஏப்ரலில் எழுதியிருந்தீர்கள், நீலம் போன கொட்டகைகளில் இருந்ததெல்லாம் மகாராணிகள் என்று. அப்போது வழக்கம் போலச் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். நேற்று சிரிப்பு வரவில்லை.

நீலத்தை எந்த மாடுகளுக்குப் போட்டீர்கள் மாமா?

உங்கள் மருமகள்

அக்டோபர் 2

அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா? உடம்பைப் பார்த்துக்கொள். உன் வேலை திரும்பக் கிடைத்ததில் எனக்கு ஆன சந்தோஷத்தை எழுத இந்தத் தாள் போதாது. அதை விட்டுவிடக் கூடாது.

நேற்று ஒரு சமாசாரம் நடந்தது, அதைச் சொல்கிறேன். புகைக்காரர் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார் அல்லவா? காலி மாட்டுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது என்று கிழவியை விற்கப் போவதாகச் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். வாங்குகிறவன் கறிக்குத்தான் வாங்குவான். எனக்கு ஏனோ இருப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் மாட்டு வியாபாரியின் வண்டி வந்து நின்றிருந்தது. புகைக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நைட்ரஜன் வண்டி ஓட்டும்போது போடுகிற அந்தத் தடித்த கையுறை கொட்டகை ஆணியில் மாட்டியிருந்தது.

"வாங்க ஊசிக்காரரே. கிழவிய வழியனுப்பவா?"

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே. ஒரு தடவை கை விட்டுப் பாத்துடறேன்."

"அன்னிக்கு வாசல்ல நின்னே பாத்தீங்களே. எக்ஸ்ரே ரிப்பேரா?"

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். அவர் மனைவி சோப்பும் வாளியும் கொண்டுவந்து வைத்தாள். கையை விட்டேன். மருமகளே, இத்தனை வருஷமாக எத்தனை மாடு பார்த்திருப்பேன். கருப்பைக்குப் போகிற ரத்தக்குழாய் விரலுக்கு அடியில் மதகு திறந்த மாதிரி அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். எதுவோ என் விரலை ஒரு இடி இடித்துவிட்டு விலகிப் போனது.

கிழவி சினை. மஞ்சள் ஊசியில் நின்ற சினை. அதற்கப்புறம் அவளுக்கு வேறு ஊசியே இல்லை.

வியாபாரியைப் போகச் சொன்னார்கள். அவர் மனைவி கிழவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புகைக்காரர் மட்டும் என் பக்கத்திலேயே நின்றார்.

"நான் லேட்டா வந்து கேன் காஞ்சு போச்சுன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்களாம். என் சர்வீஸ்ல ஒரு நாள்கூட அப்படி ஆனதில்ல. யாருன்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

இன்னொரு வாளி தண்ணீர் கேட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த கையைத் திரும்பக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தை கேட்டாள். நீ சுகம்தானே?

மாமா

அக்டோபர் 13

மாமா,

கிழவியைப் பற்றிப் படித்தேன். வண்டிக்காரரைப் பற்றியும் படித்தேன்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நீலத்தை எந்த மாடுகளுக்குப் போட்டீர்கள்?

நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா?

மருமகள்

அக்டோபர் 17

மருமகளுக்கு,

நல்ல மாடுகளுக்கு.

முதல் ஈற்று, இரண்டாம் ஈற்று, வயிறு நிறையத் தீனி கிடைக்கிற மாடுகளாகப் பார்த்து நீலம் போட்டேன். கிழடு, மெலிசு, போன தடவை நிற்காதது எல்லாவற்றுக்கும் மஞ்சள். நீலம் உன்னுடையது என்று நினைத்தேன். ஒரு கண் வை என்று எழுதியிருந்தாய். மை அழியும் என்று நீ சொன்னது நிஜமாகவே மை அழியும் என்பதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதினால் அப்படி நேராக எழுதமாட்டேன் அல்லவா, அதனால் நீயும் மாட்டாய் என்று நினைத்துவிட்டேன்.

கிழவியைக் கை விட்டுப் பார்க்காமலே காலி என்று எழுதினேன். புகைக்காரர் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. கேன் வற்றவில்லை. ஆக்சிடென்ட் மருந்தில் இல்லை, வண்டியை ஓட்டினவன் நான்.

இன்று காலை செயலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதனால் உன் தலையில் என்ன விழும் என்று தெரிந்துதான் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உனக்கு நான் செய்ததைவிடப் புகைக்காரருக்குச் செய்தது பெரிதாகிக்கொண்டே போகிறது. நீ எனக்குக் கலர் எதையும் சொல்லித் தரவில்லை என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதிக் கொடுத்ததை யார் நம்பப் போகிறார்கள்!

அத்தை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. திட்டவும் இல்லை.

மாமா

டிசம்பர் 3

அன்புள்ள மாமாவுக்கு,

விசாரணை முடியட்டும் என்று இத்தனை நாள் எழுதவில்லை. எழுத மனமும் இல்லை. உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

வண்டிக்காரரைப் போன மாதமே திரும்ப வேலையில் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு நிலையத்திலிருந்து வருத்தம் தெரிவித்து எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குச் சினை ஊசி போடத் தடை என்று கேள்விப்பட்டேன்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ அவருக்கு ஜாடை காட்டினாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்புகிறேன் என்றார். ஆனால் அதற்கு முன்னால் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடி, திரும்ப வைத்தார். சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள், வேறு ஊரில், வேறொருவர் பொறுப்பில். முடிவு தெரிய ஒரு வருஷம் ஆகும். நான் திரும்பவும் குடுவை கழுவுகிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். "நீ எழுதியது எனக்குப் புரிந்துவிட்டது" என்று ஏப்ரலில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் படித்தபோது எனக்கும் எதுவோ தட்டியது. என்ன புரிந்தது மாமா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வருமோ என்று கேட்கவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்தேன். பெரிய டாக்டர் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடுவை கழுவும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. போகும், ஆனால் இப்போதைக்கு இல்லை.

கிழவி சினையானதைப் பெரிய சாட்சியாக அத்தை போனில் சொன்னாள். ஒரு மாடு கணக்கில் சேராது மாமா. மருந்து இல்லாமலும் நின்றிருக்கலாம். ஆனாலும் ஈன்றதும் எழுதுங்கள். உள்ளது உள்ளபடி.

மருமகள்

ஜனவரி 19

அன்பு மருமகளுக்கு,

நானும் அத்தையும் சுகம். அத்தை நேற்றிலிருந்து திரும்பத் திட்ட ஆரம்பித்திருக்கிறாள். உனக்குத் தூக்கம் வருகிறதா?

கிழவி முந்தாநாள் மத்தியானம் ஈன்றாள். கிடேரிக் கன்று. கறுப்பு, நெற்றியில் சின்னதாக வெள்ளை. நான் ஊசி போட்ட மாடாக இருந்தாலும் இப்போது கொட்டகைக்குள் போக எனக்கு உரிமை இல்லை. வெளியே வேலி ஓரமாக நின்றேன். பார்த்தவர்கள் புகைக்காரர், அவர் மனைவி, நான். மூன்று பேர். மூன்று பேர்தான்.

பிறந்த நொடியிலேயே துள்ளி எழுந்து ஓடியது என்று எழுத எனக்குக் கை பரபரக்கிறது. அப்படி இல்லை. எழப் பார்த்தது, விழுந்தது. திரும்ப எழப் பார்த்து, முன்னங்கால் மடங்கி மூக்கு தரையில் இடித்தது. செத்துவிடுமோ என்று நினைத்தேன். கிழவி நக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் நின்றது. கால் நான்கும் நான்கு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, ஆனால் நின்றது.

புகைக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஒரு வருஷமானாலும் பேசமாட்டார் என்று நினைக்கிறேன், அதில் தப்பு இல்லை. வேலிப் பக்கம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே படலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் உள்ளே போகவில்லை. கன்றை நன்றாகப் பார்க்கிற அளவுக்கு மட்டும் படல் பக்கமாக ஓரடி நகர்ந்து நின்றேன்.

நான் எழுதியதில் உனக்குச் சந்தேகம் இருந்தால் அவரைக் கேள்.

மாமா